எனக்கு மட்டும் தராத தோட்டா

அது 1971 டிசம்பர். வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். சண்டை நடந்த இடத்துக்கும் எங்கள் காஞ்சிபுரத்துக்கும் எத்தனையோ தூரம். ஆனால் வதந்திக்கு ரயில் டிக்கெட்டா எடுக்க வேண்டும்? எதிரியின் ஆட்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள், குடிதண்ணீரில் விஷம் கலக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பெரிய காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் குழாய்த் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்கள்.

ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸ் பாலாற்றங்கரையில் இருந்தது. அதைக் காக்க ஊர்க்காவலுக்கு ஆள் சேர்த்தபோது நானும் போய்ச் சேர்ந்தேன். அப்போது ஒரு பட்டுச் சாயப் பட்டறையில் எனக்கு வேலை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஹவில்தார் ஒருவர் காலை வேளைகளில் அந்த ஆற்றங்கரையிலேயே எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மணலில் தவழ்வது, புதருக்குப் பின்னால் பதுங்குவது, வாய் திறக்காமல் கையசைத்தே சேதி சொல்வது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டதுதான்.

அவருடைய கட்டளைகள் எல்லாம் இந்தியில் இருக்கும். எங்கள் வீட்டில் உருது பேசுவோம். அதனால் மற்றவர்கள் திருதிருவென்று விழிக்கும்போதே நான் குப்புறப் படுத்திருப்பேன். "பாயைப் பாருங்கடா, பாயைப் பாருங்க!" என்று ஹவில்தார் என்னைக் காட்டிக் காட்டி மற்றவர்களைத் திட்டுவார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்திருந்தார். திறந்தவெளியைக் கடக்கும்போது ஒருவன் படுத்து, துப்பாக்கியை நீட்டி எதிர்ப்பக்கத்தைக் கவனிக்க வேண்டும். மற்றவன் குனிந்து ஓடி, கொஞ்ச தூரத்தில் மறைவு பார்த்துப் படுக்க வேண்டும். பிறகு அவன் காவல் இருக்க, இவன் ஓட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஓடுகிறவனின் உயிர் படுத்திருப்பவன் கையில் இருக்கிறது. என் ஜோடி, மாகறலிலிருந்து சைக்கிள் மிதித்து வரும் ஒரு விவசாயி. என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன்.

ஹவில்தார் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். நேற்று இல்லாத ஒன்று இன்று கண்ணில் பட்டால் நில், கை வைக்காதே, வந்து சொல். அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர் என் ஜோடி அண்ணன்தான். ஒருநாள் காலை அவர் ரோந்து போய்விட்டு மூச்சிரைக்க வந்தார். பம்ப் ஹவுசுக்குப் பின்னால் இருக்கும் வேலிக்காத்தான் முள்ளில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பட்டு நூல் முடிச்சுகள் தொங்குவதாகச் சொன்னார். ஒவ்வொன்றிலும் பாதி காகிதத்தில் சுற்றியிருக்கிறதாம். காகிதத்தில் இருப்பது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லையாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது என்னுதுங்க ஐயா" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சாயத் தொழிலில் அது சாதாரண சங்கதி. புதுச் சாயம் கலந்தால் அது வெயிலுக்கு நிற்குமா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் நூலை நனைத்து, பாதியை வெயில் படாமல் சுற்றிவிட்டு, மீதியை நாள் கணக்கில் வெயிலில் விட வேண்டும். பிறகு பிரித்துப் பார்த்தால் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பட்டறை வாசலில் கட்டினால் தெரு ஆடுகள் மென்றுவிடும் என்று, பயிற்சிக்கு வரும் இடத்திலேயே கட்டி வைத்தேன். சுற்றியது வேலூரிலிருந்து மாமா கொண்டுவந்த உருதுப் பேப்பர். வீட்டில் கைக்குக் கிடைத்தது அதுதான்.

இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல, என் காதுக்கே அது கதை கட்டுவது போல இருந்தது.

"சிவப்பு கட்டினா என்னா அர்த்தம்?" என்றான் ஒருத்தன்.

"சிவப்புச் சாயம் போட்டிருக்குதுன்னு அர்த்தம்பா" என்றேன். எரிச்சலில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஹவில்தார் முடிச்சுகளை அவிழ்க்க விடவில்லை. அப்படியே இருக்கட்டும், யார் தேடி வருகிறார்கள் என்று பார்க்கலாம் என்றார். அன்றிலிருந்து எல்லாம் மாறிப்போனது. முந்தின நாள் வரை என் கெட்டிக்காரத்தனமாக இருந்த இந்தி, இப்போது வேறு விதமாகத் தெரிந்தது. "அதான் டக்குனு புரியுது இவனுக்கு" என்று பின்னால் முணுமுணுத்தார்கள். சாயக்காரன் கையில் ரசாயனம் புழங்கும், தண்ணீரில் எதைக் கலந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத்தானே தெரியும் என்ற பேச்சும் காதில் விழுந்தது. ஹவில்தார் என்னைப் பாய் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, நம்பரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

தெருவிலும் சேதி பரவிவிட்டது. அடுத்த வீட்டம்மா, "உங்க வூட்டு ரேடியோ இன்னா சொல்லுது?" என்று என் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டாராம். நாங்கள் பாகிஸ்தான் ரேடியோ கேட்கிறோம் என்று குத்தல். அன்றோடு எங்கள் வீட்டில் ரேடியோ நின்றது. ஹவில்தார் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்னைக் கூட்டிப் போய்விடுவார்கள். பிறகு நான் நிரபராதி என்று திரும்பி வந்தாலும் எந்தப் பட்டறையில் சேர்ப்பார்கள்? பயிற்சியை விட்டுவிடலாம் என்றால், ஓடிவிட்டான் பார் என்பார்கள். போகவும் பயம், நிற்கவும் பயம்.

அந்த வாரம்தான் எங்களுக்கு நிஜத் தோட்டா கொடுத்துக் காவலுக்கு அனுப்பினார்கள். ஹவில்தார் வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டுத் தோட்டாவை வைத்துக்கொண்டே வந்தார். என்னைத் தாண்டி அடுத்தவனிடம் போய்விட்டார். நீட்டிய கையை நான் மெதுவாக மடக்கிக்கொண்டேன். வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானத்தை அதற்கு முன்பும் பட்டதில்லை, பின்பும் பட்டதில்லை. காலித் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணன் பின்னால் நடந்தேன். அவரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நூலைக் கண்டுபிடித்ததே அவர்தானே, என்ன பேசுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

பனி இன்னும் விலகவில்லை. பம்ப் ஹவுஸ் கிணற்றுக்கு அந்தப் பக்கம் கோரைப்புல் அடர்ந்து கிடந்தது. திடீரென்று அது அசைந்தது. காற்று இல்லை. உள்ளே வெள்ளையாக ஏதோ குனிந்து நிமிர்ந்தது. அண்ணன் கையைத் தாழ்த்திச் சைகை காட்ட, இரண்டு பேரும் மணலில் படுத்தோம். குரல் கொடுத்தோம், பதில் இல்லை. மறுபடி அசைவு. எங்களுக்கும் கோரைக்கும் நடுவே வெறும் மணல். ஒரு புதர்கூடக் கிடையாது. யாராவது ஒருவர் ஓடித்தான் ஆக வேண்டும்.

"நான் போறேன் அண்ணே. எங்கிட்டதான் குண்டு இல்லையே. நீங்க இங்க இருந்து பாருங்க" என்றேன்.

"உனக்கு மூட்டு வீங்கிக் கெடக்குது, எங்க ஓடுவ?" என்றார். அது உண்மைதான், முந்தின நாள் பயிற்சியில் விழுந்திருந்தேன். பிறகு அவர் செய்ததைத்தான் இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. தன் துப்பாக்கியிலிருந்த தோட்டாக்களைக் கழற்றி என் கையில் திணித்தார்.

"ஓடறவனுக்கு எதுக்குடா குண்டு? படுத்துப் பாக்கறவன் கையிலதான இருக்கணும். போடு" என்றார்.

போட்டேன். அவசரத்தில் ஒரு தோட்டா மணலில் விழுந்து, துடைத்துப் போட வேண்டியதாயிற்று. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்தார், என் பக்கம் முதுகைத் திருப்பினார், ஓடினார்.

குண்டு நிரம்பிய துப்பாக்கி என்னிடம். ஊரே சந்தேகப்பட்ட ஆள் நான். எனக்கு முன்னால் அந்த அகலமான முதுகு. அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கோரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிப் பார்வை மங்கியது, சட்டைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

அவர் கிணற்று மேட்டில் படுத்து எட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாய், வா! மாடுபா!" என்று கத்தினார். யாரோ விட்ட வெள்ளைப் பசு, கழுத்துக் கயிறு முள்ளில் மாட்டிக்கொண்டு தவித்துக் கிடந்தது. இரண்டு பேருமாக அதை விடுவித்தோம். அந்த வெட்கங்கெட்ட மாடு நன்றிக்குப் பதில் அவர் காலை மிதித்துவிட்டுப் போனது.

நடந்ததை அவரே ஹவில்தாரிடம் சொன்னார், தோட்டாவைக் கைமாற்றியது உட்பட. ஹவில்தார் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்துவிட்டு நேராக அந்த வேலிக்காத்தான் புதருக்குப் போய், எல்லோர் முன்னாலும் முடிச்சுகளைப் பிரித்தார். காகிதத்துக்குள் இருந்த பாதி பளிச்சென்று இருந்தது, வெளியே இருந்த பாதி சோகையாக வெளுத்திருந்தது. என்மேல் இருந்த பழி போயிற்று. சிவப்பு நிற்கவில்லை என்று பட்டறை முதலாளியிடம் திட்டு வாங்கியது தனிக்கதை. மறுநாள் வரிசையில் ஹவில்தார் என் கையிலும் தோட்டாவை வைத்தபோது, "பாய், பத்திரம்" என்றார்.

அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அண்ணனிடம் கேட்டேன், "உங்களுக்கு எம்மேல சந்தேகமே இல்லையா அண்ணே?"

"இல்லாம இன்னா? இருந்துது" என்றார். "அதுக்காக திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே ஓட முடியுமா?"

சந்தேகம் துளியும் இல்லாமல் என்னை நம்பியவர்கள் பிற்பாடு பலர் கிடைத்தார்கள். ஆனால் சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டே என் கையில் தோட்டாவைக் கொடுத்து, முதுகைத் திருப்பி ஓடிய அந்த ஒருவரை நினைத்தால்தான், இந்த ஊர் என்னுடையது என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.