கிரேஸ் அக்கா கேட்ட ரயில்

பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டு ஏர்த் வயர் எங்கே என்றுதான். முப்பத்தைந்து வருஷம் வயர்மன் வேலை பார்த்தவன் நான். தானாக எரிகிற லைட், தானாகச் சுற்றுகிற ஃபேன், சுவருக்குள் அழுகிற சத்தம் எல்லாம் பார்த்தாயிற்று. சுவிட்ச் பெட்டிக்குள் பல்லி இருக்கும், கூரைக்குள் மரநாய் இருக்கும், இல்லாவிட்டால் எங்கேயோ ஒரு வயர் தளர்ந்திருக்கும். ஐயரைக் கூப்பிட்ட வீட்டிலும் போதகரைக் கூப்பிட்ட வீட்டிலும் கடைசியில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஆனால் நடந்தது. பட்டப்பகல் பத்து மணிக்கு நடந்தது. நான் தேத்தண்ணிகூடக் குடித்திருக்கவில்லை, வேறொன்றும் குடித்திருக்கவில்லை.

சாவகச்சேரிக்குப் பக்கத்தில், சங்கத்தானையில் சீலன் அண்ணை வீட்டுப் பின்வளவுக்குள் ஒரு ரயில் பாதை இருந்தது. சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணை ஜேர்மனியில் இருபது வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது, கப்பலில் வந்த பெட்டிக்குள் மனிசியின் சீலைகளால் சுற்றி ஒரு எஞ்சின் கொண்டுவந்தார். முழங்கை நீளம், நாலு பெட்டி. பித்தளைத் தண்டவாளம், அடியில் சல்லி, குறுக்கே மரச் சிலிப்பர் கட்டைகள், எல்லாம் நிஜப் பாதை மாதிரியே. விறாந்தையில் தொடங்கிக் கிணற்றடியைச் சுற்றி, முருங்கையடியில் வளைந்து, ஒரு சின்ன மதகைத் தாண்டி, திரும்பவும் வீட்டு யன்னலடிக்கு வரும். தண்டவாளத்துக்குக் கறண்ட் கொடுப்பதற்கு என்னைக் கூப்பிட்டார். ஒரு நாள் வேலை என்று போனவன் பத்து வருஷம் சனிக்கிழமை தவறாமல் போனேன்.

நாங்கள் மூன்று பேர். தவம் வல்வெட்டித்துறைப் பக்கம், கடலோடிக் குடும்பம், சாவகச்சேரியில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவன். படகுக்குப் பூசுகிற பசையை வைத்து மதகு கட்டியது அவன்தான். மற்றது குலம் மாஸ்டர், இளைப்பாறிய புவியியல் மாஸ்டர், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அரை மணித்தியாலம் விளக்கிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவார். ஒருவருக்கும் சம்பளம் இல்லை, அங்கே போனால் சிரிக்கலாம், அதுக்காகப் போனோம். சருகு கூட்டுவது, எறும்புப் புற்றைக் கிளறுவது, மழைக்கு இறங்கிப்போன சல்லியைத் தூக்குவது, இப்படியே காலை போய்விடும்.

ஆனால் அந்தப் பாதைக்கு உண்மையான இன்ஸ்பெக்டர் அண்ணையின் மனிசி கிரேஸ் அக்காதான். சீனி வருத்தம் அவருக்கு இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. யன்னலுக்கு உள்பக்கம் பிரம்புக் கதிரையில் இருந்துகொண்டு காதாலேயே பாதை முழுக்கப் பார்த்துவிடுவார். ரயில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிற்க, என்னைக் கூப்பிட்டு, "சிவம், முருங்கையடி வளைவிலை மூண்டாவது தகடு கழண்டு போச்சு, பாரும்" என்பார். போய்ப் பார்த்தால் தண்டவாளங்களைச் சேர்த்துப் பூட்டுகிற மூன்றாவது தகடுதான் கழன்றிருக்கும்.

"அக்காவைப் பிடிச்சு ரயில்வேயிலை போட்டிருந்தா உந்தப் பெரிய லைனிலை ஒரு பெட்டி புரளாது மச்சான்" என்பான் தவம்.

"எனக்குக் கேக்குது தவம், உம்மடை வயித்துச் சத்தமும் சேத்து. உள்ளுக்கு வந்து பாணைச் சாப்பிடும்" என்பார் அக்கா.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாதையை ஒருவன் முழுக்க நடந்து பார்த்துவிட்டு யன்னலடியில் நின்று "அக்கா, லைன் கிளியர்!" என்று கத்த வேண்டும். உள்ளேயிருந்து அக்கா "விடுங்கோ!" என்று சொன்ன பிறகுதான் எஞ்சின் அசையும். அண்ணை ஏற்படுத்திய சட்டம். அண்ணை சாகக் கிடந்தபோதும் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்: "சனிக்கிழமை பத்து மணிக்கு அவளுக்கு ஒருக்கா ஓட்டிவிடுங்கோடா. அது காணும், வேறையொண்டும் வேண்டாம்." மூன்று பேரும் தலையாட்டினோம். மூன்று வருஷம் ஓட்டினோம்.

பிறகு லண்டனிலிருந்து அக்காவின் மகன் ஃபோன் எடுத்தார். பின்வளவை அயல்காரருக்குக் கொடுக்கிறார்களாம், நடுவால் மதில் வரப்போகிறதாம், அதுக்கு முதல் பாதையைக் கழற்றிவிட வேண்டுமாம்.

"அம்மாக்குச் சொல்லாதேங்கோ அண்ணை, அழுவா. அவவுக்குக் கண் தெரியாதுதானே" என்றார்.

அந்தக் கடைசி வசனத்துக்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஓம் தம்பி என்றுவிட்டு ஃபோனை வைத்தேன். அதோடு விட்டேனா, யோசனையும் நான்தான் கொடுத்தேன். கழற்றுவதற்கு முந்தின சனிக்கிழமை என் ஃபோனை யன்னல் கட்டின் மேல் வைத்து ஒரு சுற்றை முழுக்கப் பதிவுசெய்து எடுத்தேன். ரயில் கிளம்புவது, தூரப்போய்த் தேய்வது, மதகில் குடம் மாதிரி ஒலிப்பது, திரும்பி வந்து நிற்பது, எல்லாம் வடிவாக விழுந்திருந்தது. கையடக்கமான ஒரு ஸ்பீக்கர் வாங்கிக் குரோட்டன் செடிக்குள் வைத்தால் முடிந்தது. கண் தெரியாத மனிசிக்கு இது காணும் என்று மூன்று வளர்ந்த ஆம்பிளைகள் பேசி முடிவெடுத்தோம். பேய்க்கதை கேட்க வந்திருக்கிறீர்கள், ஆனால் எனக்குச் செமிக்காமல் கிடப்பது இந்த இடம்தான்.

புதன்கிழமை அக்காவுக்குக் கிளினிக். ஓட்டோ கேற்றைத் தாண்டியதும் கழற்றத் தொடங்கினோம். பத்து வருஷம் பூட்டியது மதியத்துக்குள் கழன்று சாக்குக்குள் போய்விட்டது. எஞ்சினைப் பேரப்பிள்ளைக்கு அனுப்பப் பெட்டியில் போட்டு ஒட்டினோம். தண்டவாளமும் மதகும் என் கொட்டிலுக்கு வந்தன.

தவம் மட்டும் ஒருக்கால் நிமிர்ந்து, "மச்சான், அக்காட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமோ?" என்றான்.

"கேட்டா என்ன சொல்லப் போறா? நீ ஸ்பானரைத் தா" என்றேன்.

சனிக்கிழமை வந்தது. தவத்துக்கு அவசரமாக ஒரு படகு திருத்த வேண்டி வந்தது, மாஸ்டருக்கு எங்கேயோ ஒரு கலியாணம் வந்தது. ஆக, பொய் சொல்லப் போனது நான் ஒருவன். வளவைப் பார்த்தால் பாதை கிடந்த இடத்தில் சிலிப்பர் அச்சு மட்டும் ஏணி மாதிரிக் கிடக்கிறது. மதகு இருந்த இடத்தால் மதிலுக்கு முழங்கால் ஆழத்துக்கு அத்திவாரம் வெட்டிவிட்டார்கள். ஸ்பீக்கரைச் செடிக்குள் வைத்தேன். செருப்பைக் கழற்றினேன், காலடிச் சத்தம் கேட்கக் கூடாது என்று. யன்னலடியில் நின்று வழக்கம்போலக் கத்தினேன்.

"அக்கா, லைன் கிளியர்!"

உள்ளே பிரம்புக் கதிரை ஒருக்கால் கிரீச்சிட்டது. பிறகு, "விடும்" என்றார்.

ஃபோனை அமத்தினேன். ரயில் கிளம்பியது, அதாவது சத்தம் கிளம்பியது. நல்ல தெளிவு, எனக்கே ரயில் தெரிந்தது போல இருந்தது. கால்வாசி போயிருக்கும்.

"சிவம்."

"ஓம் அக்கா."

"உந்தப் பாட்டுப் பெட்டியை நிப்பாட்டும்."

அக்கா முகத்தைத் திருப்பவில்லை, குரலும் உயரவில்லை.

"அதை நிப்பாட்டும் தம்பி. மற்றதைக் கேக்க விடும்."

நிற்பாட்டினேன். நம்பினால் நம்புங்கள், சத்தம் நிற்கவில்லை. ஸ்பீக்கரைச் செடிக்குள்ளிருந்து எடுத்து, அடியிலிருந்த சுவிட்சையும் அமத்தி, சின்ன நீல லைட் அணைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேன். சத்தம் கிணற்றடியில் இருந்தது. டக்டக், டக்டக் என்று தண்டவாளப் பூட்டுகளின் மேல் ஏறி முருங்கையடிக்குப் போனது. வளைவில் உரசியது. அந்த அத்திவாரக் கிடங்கை நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், வெறும் பள்ளம், அதற்கு மேலால், என் கொட்டிலுக்குள் கிடக்கிற மதகின் சத்தத்தோடு, குடம் மாதிரி ஒலித்துக்கொண்டு கடந்தது. ஊரை ஒட்டிப் போகிற பெரிய ரயிலின் சத்தமோ என்று கேட்பீர்கள். சங்கத்தானையில் பிறந்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியும் ஐயா, அது தூரத்தில் வரும், வளவுக்குள் வளையாது. இது எனக்கும் யன்னலுக்கும் நடுவால், ஒரு கை தூரத்தில் வந்தது. வெறுங்காலில் நின்ற எனக்கு உள்ளங்காலில் மண் அதிர்ந்தது. பிறகு நின்றது.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன், விறாந்தைக்கு ஓடி டிரான்ஸ்ஃபோமரைப் பார்த்தேன். பிளக் சுவரில் இல்லை. வெட்டின வயர் நுனியில் நானே சுற்றிய டேப் அப்படியே இருந்தது. டெஸ்டரை வைத்தும் பார்த்தேன், செத்த வயர். திரும்பி யன்னலடிக்கு வந்தேன்.

"சீலன் அண்ணையோ அக்கா?"

"அவர் இல்லை." அக்கா யோசித்துத்தான் சொன்னார். "அவர் முருங்கையடியிலை எப்பவும் மெதுவாத்தான் விடுவார். இது வளைவிலை வேகம் குறைக்கிறேல்லை. ஆரோ தெரியாத கை."

"எப்ப தொடக்கம் கேக்குது?"

"நீங்கள் கழட்டின அண்டு பின்னேரம் தொடக்கம். கிளினிக்காலை வந்து வாசலிலை கால் வைச்ச உடனை எனக்கு விளங்கிட்டுது தம்பி. லைன் கிடக்கிற வளவுக்கு ஒரு சத்தம், வெறும் வளவுக்கு வேறை சத்தம். இருந்து யோசிச்சுக்கொண்டிருக்க, உது வந்துது."

நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மன்னியுங்கோ அக்கா என்று சொன்னேனோ, சொல்ல நினைத்தேனோ, எனக்கு இப்போது நிச்சயமில்லை.

"கேட்டிருக்கலாம்" என்றார். "நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். வளவு போனாப் போகட்டும். கண் இல்லாதவள்தானே எண்டு காதுக்கும் பொய் வைச்சியள் பாரும்."

அவ்வளவுதான். அன்றைக்கு உள்ளே வரச் சொல்லவில்லை, தேத்தண்ணி வரவில்லை. ஸ்பீக்கரைப் பைக்குள் போட்டுக்கொண்டு களவெடுத்தவன் மாதிரிக் கேற்றால் வெளியே வந்தேன்.

தவத்திடம் சொன்னேன். "உனக்கு மனம் குத்துது மச்சான், அதுதான் காதுக்குள்ளை ஓடுது" என்று சிரித்தான். சிரித்தவன் அடுத்த சனிக்கிழமை என்னோடு வந்து நின்று கேட்டிருக்கலாம், வரவில்லை. மாஸ்டர் காற்றுத் திசை, எதிரொலி, ஈரப்பதன் என்று ஒரு பாடமே நடத்தினார். "பயப்பிடாதையும் ஐசே, எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்" என்றார். காரணம் இருந்தால் நல்லது. பத்து வருஷம் ஒன்றாகச் சருகு கூட்டிய மூன்று பேர், இன்றைக்குச் சந்தையில் கண்டாலும் விலை விசாரித்துவிட்டுப் பிரிந்துபோகிறோம். நானும் அந்த வீட்டுக்கு மறுபடி போகவில்லை. போக வேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைத்தேன், அந்தச் சத்தத்துக்குப் பயந்தேனோ அக்காவின் முகத்துக்குப் பயந்தேனோ தெரியாது.

மழை விட்ட பிறகு முன்வீடும் கைமாறியது. அக்காவை வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு சனிக்கிழமை துணிந்து போனேன். மாடியில் ஆறு கட்டில் போட்ட நீள அறை, வழுவழுப்பான டைல்ஸ் நிலம். வாசலில் என் காலடி கேட்டதுமே, "வயர்மன் வந்திருக்கிறார்" என்றார் அக்கா, யாருக்கென்று இல்லாமல். பத்து வருஷம் என்னைச் சிவம் என்றும் தம்பி என்றும் கூப்பிட்டவர்.

பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். இன்றைக்கு எப்படியும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்த வசனம் இருந்தது. "அக்கா, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன். அக்கா ஒரு விரலைத் தூக்கினார். பேசாமல் இரு என்கிற விரல். தலையைக் கொஞ்சம் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நானும் காதைக் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம், கீழே குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம், அவ்வளவுதான்.

எதிர்க் கட்டிலில் ஒரு வயதான அம்மா காலைத் தொங்கவிட்டு இருந்தார். மெலிந்த உருவம், அக்காவைப் பார்க்கவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. அந்த அம்மா தன் இரண்டு காலையும் மெல்லத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டார். கண் வாசலிலிருந்து நிலத்தின் வழியே ஒரே சீராக நகர்ந்து வந்து, என் கதிரையடியில் நின்றது.

"தம்பி, காலை எடுங்கோ" என்றார்.

எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, அறுபது வயது மனிசன், அந்தக் கதிரையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா, "இப்ப வையுங்கோ" என்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கிரேஸ் அக்கா விரலை இறக்கினார். நான் சொல்ல வந்ததைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்காதான் அவருக்கு எல்லாம் சொல்லிவைத்திருப்பார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு படியிறங்கினேன். கீழே கையெழுத்து வாங்குகிற பிள்ளையிடம், எதிர்க் கட்டில் அம்மா எந்த ஊர் என்று கேட்டேன்.

"நேற்றுப் பின்னேரம்தான் ஐயா கொண்டுவந்து விட்டவை" என்றாள் அவள். "வந்ததிலையிருந்து ஒருதரோடையும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. பேர் கேட்டாலும் சொல்லுறா இல்லை. ஏன், உங்களோடை கதைச்சவவோ?"