மிட்டாய் கண்ணடித்த நாலு நாள்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருக்கா?" என்று கேட்டே இருபது வருஷத்தை ஓட்டியவர். ஊரார் கண்ணையெல்லாம் பார்த்த மகராசன், தன் வீட்டில் என்ன லட்சணத்தில் பார்த்தார் என்று சொல்கிறேன். வயிறு எரிகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாடிப்படிக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டியைத் தூக்கி வந்து, மிட்டாய் என்று பேர் வைத்தவள் அக்கா. அது வெளிக்குப் போகும் மணல் தட்டை அள்ளிக் கொட்டுவதும் அவள்தான். அத்தான் செய்தது ஒன்றே ஒன்று, போனில் வீடியோ பார்த்தார். ஒரே மாதத்தில் பூனை பாஷையில் பண்டிதர் ஆகிவிட்டார். வாலை நட்டுக்கொண்டு வந்தால் நலம் விசாரிக்கிறதாம். தலையால் காலில் முட்டினால் 'நீ என் ஆள்' என்று வாசனை தடவுகிறதாம். மடியில் மாவு பிசைந்தால் தாய் நினைப்பாம். சாப்பிட உட்கார்ந்தவர்களைக்கூட விடாமல் பாடம் எடுப்பார். சொன்னது எதுவும் தப்பில்லை, அதுதான் எரிச்சல். ஆனால் அது எது செய்தாலும் தன்மேல் உள்ள பாசத்தில்தான் செய்கிறது என்று ஒரு நினைப்பு.

ஒரு திங்கட்கிழமை எனக்கு போன் செய்தார்.

"மிட்டாய் என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது! கண்ணை மெதுவா மூடித் திறந்தா பூனை முத்தம் குடுக்குதுன்னு அர்த்தம். இது ஒத்தைக் கண்ணால குடுக்குது. வீடியோக்காரனுக்கே இது தெரியாது!"

அவரும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடி மூடித் திறந்தாராம். தலை நரைத்த மனுஷன்!

அக்கா அன்றைக்கே சொல்லியிருக்கிறாள். "என்னங்க, இடது கண்ணுல தண்ணி வடியுது. டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

"அட, அது பாசத்துல கசியுது. கண்ணைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?"

அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயை அடைக்க இப்படி ஒரு கேள்வி போதும். எனக்கு அவள்மேலும் கோபம்தான்.

புதன்கிழமை பூனை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது. கூச்சம் என்றார். வியாழக்கிழமை நான் போய் அதை வெளியே எடுத்தேன். கண் பால்போல வெளுத்துக் கிடந்தது. என் கையில் அது கொர்கொர் என்றது.

"பாத்தியா, எவ்ளோ சந்தோஷம்!" என்றார் அத்தான்.

"அத்தான், கொஞ்ச நேரம் வாயை மூடுறீங்களா?"

துணிக்கூடையில் வைத்து நானும் அக்காவும் தூக்கிக்கொண்டு ஓடினோம். மிருக டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "எதுவோ கீறிப் புண்ணாகி, உள்ள வரைக்கும் போயிடுச்சு. வலி தாங்காமலும் பூனை இப்படிக் கொர்கொர்னு சொல்லும்மா. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம். வீட்ல யாருமே கண்ணைக் கவனிக்கலையா?"

அத்தானுக்கு என்ன வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். இந்த நிலைமையிலும் அவருக்கு மானம் காக்கிறாள்!

கண்ணை எடுத்துத் தையல் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் அத்தான் மிட்டாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணை மெதுவாக மூடித் திறந்தார். அது பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. திரும்பவில்லை. மறுபடியும் மூடித் திறந்தார்.

"என்மேல கோவம் அதுக்கு," என்றார். "வீடியோல சொல்லியிருக்கான், கோவம் வந்தா பூனை மூஞ்சியே குடுக்காதாம்."

அக்கா மருந்துக் குப்பியை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க உட்கார்ந்திருக்கிற பக்கம் அதுக்குக் கண்ணு இல்ல."

அத்தான் எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தார். மிட்டாய் நக்குவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் சொல்லவில்லை.