பன்னீர்செல்வம் ஒருநாளும் லீவு போடவில்லை

கொளஞ்சிநாதன் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது விருத்தாசலம் போகும் பஸ்ஸில். என் சின்னம்மா மகள் சாமியம்மாள் மூன்று மாதக் கைக்குழந்தையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

அந்தக் கோயிலில் நம் குறையைக் காகிதத்தில் எழுதிக் கட்டுவது வழக்கம். பிராது கட்டுவது என்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பது மாதிரிதான். பெயர், ஊர், யார் பெண்டாட்டி, என்ன குறை என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். குறை தீர்ந்ததும் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட வேண்டும். வாங்காமல் விட்டால் சாமி வழக்கை முடிக்காது என்பார்கள். பிள்ளை கேட்டுக் கட்டிய பிராதை வாபஸ் வாங்கத்தான் அவள் போனாள்.

"பேரு என்னாடி வெச்ச?" என்றேன்.

"கொளஞ்சிநாதன்க்கா. வேற பேரு வெச்சா சாமி கோச்சிக்காதா?"

"அடுத்தது பொறந்தா?"

"அத யாரு சாமிகிட்ட கேட்டது? அதுக்கு நானா பாத்து வெச்சிக்கிறேன்."

அடுத்ததும் இரண்டு வருடத்தில் பிறந்தது. பன்னீர்செல்வம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே அச்சு. எனக்கே பின்னால் இருந்து பார்த்தால் யார் எவன் என்று தெரியாது. மாசி மகத் திருவிழாவில் ஒரே நாளில் ஒரே ஆளிடம் போய், இரண்டு பேரும் வலது முன்கையில் அம்மா பெயரைப் பச்சை குத்திக்கொண்டு வந்தார்கள். சாமியம்மாள் என்று எழுத்து, அதற்குக் கீழே ஒரு வேல். அவள் இரண்டு பேரையும் விளக்குமாற்றால் அடித்தாள். பிறகு இரண்டு கைக்கும் தேங்காயெண்ணெய் போட்டுவிட்டாள்.

என் வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட். அதனால் எங்களுக்கு நகரியத்தில் குவார்ட்டர்ஸ் இருந்தது. இப்போது என் மகன் பெயரில் இருக்கிறது. சாமியம்மாள் புருஷன் கான்ட்ராக்ட் ஆள். அவர்கள் வீடு நகரியத்துக்கு வெளியே. அவர் செத்த பிறகு அந்த இடம் பன்னீருக்குக் கிடைத்தது. பெரியவன் கொளஞ்சி பன்னிரண்டாவது வரை படித்தவன். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் அவன் பெயரில் வேலைதான் எதுவும் நிலைக்கவில்லை.

அவனை ஊருக்குத் தெரிந்தது வேலையால் இல்லை, கேள்வியால். நாலு வருடத்துக்கு முன்பு பஸ் வசதி கேட்டு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனோம். நானும் கூடப் போனேன். எம்.எல்.ஏ. மனுவை வாங்கக் கையை நீட்டினார். கொளஞ்சி கொடுக்கவில்லை.

"மனுவா அனுப்பாதீங்க ஐயா," என்றான். "மனுவுக்கு 'ஆவன செய்யப்படும்'னு ஒரு வரி வரும், அவ்ளோதான். சட்டசபைல கேள்வியா கேளுங்க. எத்தினி பஸ்ஸு, எப்ப நின்னுது, ஏன் நின்னுதுன்னு. கேள்வின்னா அவங்க எண்ணிக்கை சொல்லியே ஆவணும்."

எம்.எல்.ஏ. சிரித்துவிட்டார். "நீயே எழுதிக் குடு, பாப்போம்" என்று பேனாவை நீட்டினார். ஏழு மாதத்தில் பதில் வந்தது. பிறகு பஸ்ஸும் வந்தது.

அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் நேராக அந்த அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவான். ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி மருந்து எத்தனை புட்டி இருக்கிறது, எத்தனை பள்ளிக்கூடத்தில் கக்கூஸுக்குத் தண்ணீர் வருகிறது, முதியோர் பென்ஷன் எத்தனை பேருக்கு எந்தக் காரணத்தால் நின்றது என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு கேள்வி. எம்.எல்.ஏ. கையெழுத்துப் போட்டு அனுப்புவார். பதில் வந்ததும், எதிரில் இருக்கும் பஸ் நிறுத்தத்தில் நின்று கொளஞ்சி சத்தமாகப் படிப்பான். கேள்வியைச் சொன்ன ஆள் யாரோ அவரை வரவழைத்து உட்கார வைத்துத்தான் படிப்பான். எவ்வளவு நீளப் பதிலானாலும் ஒரு வரி விடமாட்டான்.

அவன் பெண்டாட்டி உமாராணிக்கு இதெல்லாம் கேலி. ஒருநாள் நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டை வைத்துவிட்டு, சட்டசபைக் கேள்வி மாதிரியே சொன்னாள்: "அ, கொழம்புல உப்பு இல்ல என்பது உண்மையா? ஆ, ஆமெனில், கடைக்குப் போகச் சொன்ன ஆளு எந்த ஆபீஸ்ல குந்திகினு இருந்தாரு? இ, இதுக்கு அரசு என்னா நடவடிக்கை எடுத்தது?"

அவர்கள் மகள் இசைப்பிரியா புரையேறிச் சிரித்தாள். கொளஞ்சி எழுந்து போய் உப்பு வாங்கி வந்தான்.

அவனிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தன் வீட்டுக் காரியம் எதையும் கேள்வியில் சேர்க்கமாட்டான். "சொந்த விஷயத்த நுழைச்சா அது கேள்வி இல்ல பெரியம்மா, மனு ஆயிடும்" என்பான். எவ்வளவு நேர்மையான பிள்ளை என்று நான் நினைத்துக்கொள்வேன். அவன் வீட்டுக் காரியம் என்ன என்று தெரிந்தும் அப்படி நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன்பு பன்னீர் வீட்டை விட்டுப் போனான். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. கரித்தூசியில் வேலை பார்த்தது போதும், திருப்பூர் போகிறேன் என்றான். பர்மனென்ட் வரிசையில் பெயர் இருக்கும்போது என்ன திருப்பூர் என்று சாமியம்மாள் கத்தினாள். அவன் போட்டிருந்த காக்கிச் சட்டையோடு கிளம்பினான். அவள் அந்தச் சட்டைப் பையில் கையை விட்டு, சுரங்கத்துக்குள் போகிற கேட் பாஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அதில்தான் அவன் படமும் பெயரும் விலாசமும் இருந்தன.

"இது இல்லாம எங்க போயிடுவான்? ரெண்டு நாள்ல வந்து நிப்பான் பாரு" என்றாள் என்னிடம்.

இரண்டு நாளில் அவன் வரவில்லை. வேலைக்கு ஆள் போகாவிட்டால் வரிசையில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். வருடக்கணக்காகப் பெயர் விடாமல் இருந்தால்தான் என்றைக்காவது பர்மனென்ட். அதனால் சாமியம்மாள் அந்த பாஸைக் கொளஞ்சியிடம் கொடுத்தாள். "அவன் வர்ற வரைக்கும் நீ போய் நில்லுடா. பேரு அறுந்துடக் கூடாது."

ஹெல்மெட் போட்டால் அதே முகம், கையில் அதே பச்சை. கான்ட்ராக்டர் கண்டுகொள்ளவில்லை. பிறகு விரல் ரேகை மிஷின் வந்தது. பன்னீர்செல்வம் என்ற பெயரில் கொளஞ்சியின் விரலைப் பதிந்துகொண்டார்கள். சுரங்கத்துக்குள் எல்லோருக்கும் அவன் பன்னீரு, வெளியே வந்தால் கொளஞ்சி. சொந்தத்தில் எங்கள் ஐந்தாறு பேருக்கு இது தெரியும். தம்பிக்காக அண்ணன் இடம் பிடித்து வைத்திருக்கிறான் என்றுதான் பேசிக்கொண்டோம்.

போலீஸில் யாரும் புகார் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பது? பன்னீர்செல்வம் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தானே. சாமியம்மாள் கொளஞ்சியப்பருக்கு மட்டும் ஒரு பிராது கட்டினாள். பன்னீர்செல்வம், வயது இருபத்து நாலு, வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்று கொளஞ்சிதான் எழுதிக் கொடுத்தான். பன்னீர் காணாமல் போனான் என்று எழுதிய காகிதம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

போன வருடம் திலகவதி என்று ஒரு பெண் கொளஞ்சியிடம் வந்தாள். நகரியத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்குகிறவள். புத்தி கலங்கிய புருஷன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. "உசுரோட இருக்காரா இல்லியான்னாவது யாராச்சும் சொல்லுங்க" என்றாள். கொளஞ்சி அவளுக்காக ஒரு கேள்வி எழுதினான். பதினைந்து வருடத்தில் இந்த மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் அடையாளம் தெரியாமல் அடக்கம் செய்யப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களின் அங்க அடையாளங்கள் பதிவாகியுள்ளனவா? ஆமெனில், அவற்றை அட்டவணையாக அளிக்க அரசு முன்வருமா?

"பன்னீரயும் இதுல தேடுவியா?" என்று கேட்டேன்.

"அவன் எதுக்குப் பெரியம்மா இதுல இருக்கான்? அவன் திருப்பூர்ல கல்யாணம் கட்டிகினு புள்ள குட்டியோட இருப்பான். நம்ம மேலதான் கோவம்."

இந்தச் சித்திரையில் பதில் வந்தது. கட்டாகக் காகிதம். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் திலகவதியை பெஞ்சில் உட்கார வைத்துக் கொளஞ்சி படித்தான். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் வயது, உயரம், துணி, மச்சம், தழும்பு. அவள் ஒவ்வொன்றுக்கும் "இல்ல" என்று தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"நாப்பத்தி ஒண்ணு," என்று படித்தான். "ஆண். வயது சுமார் இருபத்தைந்து. ரயில் பாதை ஓரம். காக்கி நிறச் சட்டை. வலது முன்கையில்..."

நின்றுவிட்டான். காகிதத்தைப் பிடித்திருந்த அவன் வலது கை என் கண்ணுக்கு நேரே இருந்தது. அரைக்கைச் சட்டை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் மிச்சத்தைக் கேட்டேன்.

"வலது முன்கையில் சாமியம்மாள் என்று பச்சை குத்தப்பட்டு, கீழே வேல் படம். அடையாள அட்டை ஏதுமில்லை. பொருந்தும் புகார் ஏதும் பதிவாகவில்லை. உரிமை கோருவார் இல்லாததால் அடக்கம் செய்யப்பட்டது."

தேதியையும் படித்தான். பன்னீர் வீட்டை விட்டுப் போன ஐந்தாம் நாள்.

திலகவதியும் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, போதும்ணே, குந்துங்க" என்று எழுந்தாள்.

"உன்னுது இன்னும் வரலியேம்மா," என்றான். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று நூற்றுப் பதினெட்டு வரைக்கும் படித்தான். அவள் புருஷன் அதில் இல்லை. பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அவன் கேட்டு வாங்கிய பஸ்தான்.

வீட்டில் சாமியம்மாளிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. பெட்டியைத் திறந்து, அடியில் இருந்த பழைய கேட் பாஸை எடுத்தாள். மிஷின் வந்த பிறகு செல்லாமல் போன பாஸ். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"யக்கா, இது அவன் பையில இருந்திருந்தா, அன்னிக்கே ஆளு வந்து சொல்லியிருப்பாங்க இல்ல?"

அவள் கொளஞ்சி பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. ஊருக்கே கேள்வி எழுதறவன்தான?"

அவன் பாஸை அவள் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் போட்டு மூடினான்.

மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. கொளஞ்சி மட்டும் ஷிப்டுக்குப் போய் வந்தான். நாலாம் நாள் உமாராணி பேசினாள். பர்மனென்ட் பட்டியல் இரண்டு மாதத்தில் வரப்போகிறது, பன்னீர்செல்வம் பெயர் மேலே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"ரெண்டே மாசம் அத்த," என்றாள் என்னைப் பார்த்து. "பதினோரு வருஷம் செத்தவரு வேல செஞ்சாரு. இன்னும் ரெண்டு மாசம் செஞ்சா என்னா கெட்டுப்போவுது? புள்ள இருக்குது எனக்கு." சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைத் தப்புச் சொல்ல முடியாது.

சாமியம்மாள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "அவன மண்ணுல போட்ட எடத்த நான் பாக்கணும்."

இடத்தைக் கேட்டால், யார் செத்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் பன்னீர்செல்வம் வேலையில் இருக்க முடியாது. கொளஞ்சி மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகவில்லை. என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கான்ட்ராக்டர் ஆபீஸுக்குப் போனான். காகிதத்தில் மூன்றே வரி எழுதியிருந்தான். நான் கொளஞ்சிநாதன். பன்னீர்செல்வம் என் தம்பி. அவன் பதினோரு வருடத்துக்கு முன்பு இறந்துவிட்டான்.

அங்கே இருந்த எழுத்தர் படித்துவிட்டுச் சிரித்தார். "என்னா பன்னீரு, காலங்காத்தால வெளையாட்டு?" மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். "நேத்து மொத ஷிப்டு வந்துருக்க. பதினோரு வருஷத்துல ஒருநாளும் லீவு போடாத ஆளு நீ. செத்துட்டன்ற?"

"வந்தது நாந்தாங்க. அவன் வரல," என்றான் கொளஞ்சி.

அவர் அவனையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே நின்றுபோயிருந்தது. அன்றைக்கே அந்த விரலை மிஷினில் இருந்து எடுத்துவிட்டார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. அடுத்த வாரம் போலீஸ் கோப்பில் இருந்த படத்தில் பச்சை குத்திய கையைப் பார்த்துச் சாமியம்மாள் அடையாளம் சொன்னாள். இடத்தைக் காட்டினார்கள். வேலிக்காத்தான் புதர், நம்பர் எழுதிய ஒரு கல். அவள் அங்கேயே உட்கார்ந்து கல்லைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

திரும்பும் வழியில் மணவாளநல்லூரில் இறங்கினோம். பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்றாள். குறை தீர்ந்தது என்று எப்படி எழுதுவது என்று கொளஞ்சி காகிதத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். நூறு கேள்விக்கு மேல் எழுதிய கை.

"ஆளு கெடச்சிட்டான்னு எழுதுடா," என்றாள் சாமியம்மாள். அப்படியே எழுதினான்.

பர்மனென்ட் பட்டியல் சொன்னபடி வந்தது. பன்னீர்செல்வம் பெயர் அதில் இல்லை. ஆள் மாறாட்டம் வெளியே தெரிந்த பிறகு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் இருந்து கொளஞ்சியைக் கூப்பிடவில்லை, அவனும் போகவில்லை. கொளஞ்சிநாதன் இப்போது குள்ளஞ்சாவடி கூட்டுரோட்டில் ஓர் உரக்கடையில் மூட்டை இறக்கும் வேலையில் இருக்கிறான்.