ஓடும்போது அளந்த எண்ணெய்

1993 மார்கழி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய ஜப்பான் கார் நின்றது. ராணுவத்தில் இடது காலை இழந்து திரும்பிய என் கணவர், கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத வண்டியாகத் தேடி, வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கியது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்துக்குத் தினமும் அவரே ஓட்டிப் போய்வந்தார். யாராவது கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றிவிட்ட நாட்கள் அதோடு முடிந்திருந்தன.

ஐப்பசி மழையில் தகராறு தொடங்கியது. காலையில் கியரைப் போட்டால் என்ஜின் மட்டும் உறுமும், வண்டி அசையாது. சற்று நேரம் கழித்து, முதுகில் அறைந்தாற்போல் ஒரு குலுக்கலோடு கிளம்பும். மாலையில் ஒரு குறையும் இராது. மார்கழிக் குளிரிலோ வெயில் ஏறும்வரை நகரவே மறுத்தது.

மெக்கானிக் வந்து, கியர்பாக்ஸ் எண்ணெயை அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தார். மட்டம் சரியாக இருந்தது.

"உள்ள தேஞ்சு போச்சு அண்ணாச்சி. சாதா கியர்பாக்ஸ் மாத்திருவோம்."

சாதா கியர்பாக்ஸ் என்றால் கிளட்ச் உண்டு. கிளட்ச் என்றால் என் கணவருக்கு மறுபடியும் பஸ்தான்.

மம்சாபுரத்தில் விவசாயம் பார்க்கும் அவருடைய அண்ணன் வந்திருந்தார். "வித்துத் தொலைலே. வேற வண்டி வாங்கு, ஓட்டுறதுக்கு நான் ஆள் போட்டுத் தாரேன்" என்றார். இவர் கார் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. தேய்ந்த பொருள் மாலையிலும் தேய்ந்துதானே இருக்கும்? குளிரில் மட்டும் என்ன வந்தது?

மறுநாள் காலை என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. குச்சியைப் பார்க்க வேண்டும், அணையுங்கள் என்று கணவரிடம் சொன்னேன்.

"அணைச்சா மறுபடி மொதல்லருந்துல்ல? அப்படியே பாரு" என்று கைபிரேக்கைப் போட்டார்.

உருவினேன். குச்சியின் நுனி மட்டும் நனைந்திருந்தது. அணைக்கச் சொல்லி, சற்றுப் பொறுத்துப் பார்த்தேன். மட்டம் நிறைந்திருந்தது.

"என்ன தாயி, கண்கட்டு வித்தையா?" என்றார் அண்ணன்.

"கெணத்துல மோட்டார் ஓடுறப்ப தண்ணி எறங்குதுல்ல அத்தான்? அணைச்சா குழாயில நிக்கிறது திரும்ப விழுந்துரும். நாம அம்புட்டுப் பேரும் அணைச்சுட்டுல்ல பாத்தோம்!"

எந்தக் காரிலும் என்ஜின் ஆயிலை, வண்டியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். அந்தப் பழக்கமே எங்களை ஏமாற்றியது. குறைந்துபோன எண்ணெய் குளிரில் கெட்டியாகிவிட, போதுமான அளவு மேலே ஏறவில்லை. சூடானதும் இளகி, சமாளித்திருக்கிறது. விஷயத்தைக் கேட்ட மெக்கானிக் முதலில் சிரித்தார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸ் எண்ணெய் குளிர்வதற்காக ரேடியேட்டருக்குப் போகும் குழாயின் மூட்டில் கசிவைக் கண்டுபிடித்து அடைத்தார். மதுரையிலிருந்து அந்தக் கியர்பாக்ஸுக்கென்று உள்ள சிவப்பு எண்ணெயை வரவழைத்து, என்ஜினை ஓடவிட்டே அளந்து ஊற்றினோம்.

அடுத்த நாள் பனி விலகுமுன் என் கணவர் கியரைப் போட்டார். உறுமலும் இல்லை, குலுக்கலும் இல்லை, வண்டி நகர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் அவர் விரட்டிய வேகத்தில், பின்சீட்டிலிருந்த அண்ணன் அலறினார்: "ஏலே, மெதுவாப் போலே! எனக்கு ரெண்டு காலும் வேணும்!"

நாங்கள் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஒருவரைப் பார்த்தவுடனேயே "இவரால் ஆகாது" என்று யாராவது சொன்னால், ஓடவிட்டுப் பார்த்தீர்களா என்றுதான் இன்றும் கேட்கிறேன்.