உப்புக் கரித்த சோறு

எனக்கு வாய் ஜாஸ்தி. அது ஒரே ஒரு தடவை அடங்கிப்போன கதையைச் சொல்கிறேன்.

கச்சிராயபாளையத்திலிருந்து பன்னிரண்டு பேர் கட்டட வேலைக்காகப் பரங்கிப்பேட்டை போயிருந்தோம். சமையல் என் பொறுப்பு. பழைய துறைமுக ஊர். வெள்ளாறு கடலில் சேருகிற இடம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் எங்கள் கோமுகியும் அந்த ஆற்றில்தான் கலக்கிறது.

"டிரம்முத் தண்ணி இன்னாத்துக்கு? நம்ம மலைத் தண்ணியே இங்க ஓடுது" என்று பீற்றிக்கொண்டு, டிரம்மில் தண்ணீர் விற்க வந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, காலையில் ஆற்றிலேயே மொண்டு உலை வைத்தேன். வழக்கம்போல ஒரு கை உப்பு வேறு போட்டேன்.

முதல் வாயிலேயே எல்லோரும் துப்பினார்கள். கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வரும் என்று எனக்கு எங்கே தெரியும்? வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் பன்னிரண்டு பேரும் பட்டினி. தலை குனிந்து நின்றேன்.

கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா எழுந்து போய், தன் வீட்டுக்குப் பிடித்து வைத்திருந்த இரண்டு குடம் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்.

"எங்க மலைத் தண்ணின்னு நம்பிட்டேங்க்கா" என்று அழுதேன்.

"உங்க மலைத் தண்ணிதான் தங்கச்சி. அது வந்து உப்போட கலந்தாத்தான் இங்க எறாலே பெருகும். அழாம உலையை வை" என்றார்.

இப்போதும் கோமுகியில் வெள்ளம் வந்தால், "இவ்ளோ தண்ணியும் வீணா கடலுக்குப் போவுதே" என்று எங்கள் தெருவில் புலம்புவார்கள். நான் சும்மா இருப்பேனா?

"வீணா ஒண்ணும் போவல. அங்க எங்க அக்கா காத்துக்கினு இருக்காங்க" என்பேன்.