முருகேசு வைத்த வாழையிலை

முருகேசுவுக்குப் பத்துப் பேருக்கு மட்டும் சமைக்கத் தெரியாது. ஜெர்மனியின் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று அன்னதானக் கிடாரத்தில் கரண்டி பிடித்துப் பழகிய கை. அதனால்தான் பல்கலைக்கழகப் பிள்ளைகளை ஒரு வாரம் ஏற்றியிறக்க வான் ஓட்ட வரமுடியுமா என்று நண்பரின் மகள் லக்சிகா கேட்டபோது, அவர் எங்கே என்றும் கேட்கவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை.

"சாப்பாட்டுக்கு என்ன செய்யப்போறியள்?"

"பாண் வாங்குவம், மாமா."

"படிக்கிற பிள்ளையளுக்கு ஒரு கிழமையும் பாணோ? அடுப்பு நான் கொண்டுவாறன்."

அவர்கள் இருக்கும் ஹம் நகரில் இருந்து ஒரு மணி நேர ஓட்டம். சிற்றூர் ஒன்றின் ஓரத்தில் பழைய யூத மயானம். காலையில் கல்லறைகளைச் சுத்தம் செய்வது, பின்னேரம் அந்த ஊர் யூதர்களை ஹிட்லரின் நாசிகள் எப்படி இல்லாமலாக்கினார்கள் என்று படிப்பது. இதுதான் திட்டம். ஓட்டுநருக்கு வகுப்பு கிடையாது. கம்பித் தொழிற்சாலையில் காலம் முழுக்க வேலை செய்து ஓய்வுபெற்ற முருகேசுவோ ஒரு வகுப்பையும் விடவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கையும் உயர்த்தினார்.

"அவையைக் கொண்டுபோன பிறகு அந்த வீடுகளில ஆர் இருந்தது?"

வகுப்பு எடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைய பின்னேரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியிலேயே போயிற்று.

மயானத்துக்குப் பொறுப்பானவர் யூலியா. யூதச் சமூகத்தின் சார்பில் வந்திருந்தார். சிறுமியாக ஒடெசாவில் இருந்து வந்து ஜெர்மனியில் வளர்ந்தவர். முதல்நாள் வாசலில் நின்று விதிகளைச் சொன்னார். ஆண்கள் தலையை மூடவேண்டும். கல்லில் படர்ந்த கொடியைப் பிடித்து இழுக்கக்கூடாது, அடியில் வெட்டிக் காயவிட வேண்டும். உள்ளே எதுவும் சாப்பிடக்கூடாது. கடைசி விதி சொல்லப்பட்டபோது முருகேசு வானை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"கோயிலுக்குள்ள சட்டையைக் கழட்டு எண்டினம், இஞ்ச தொப்பியைப் போடு எண்டினம். மனுசன் ஒரு உடுப்போட இருக்கேலாது" என்று முணுமுணுத்தபடி நீலத் தொப்பியை மாட்டினார்.

அவர் கண்ணில் பட்டது மூலையில் கிடந்த ஒரு கல். முகங்குப்புற விழுந்து, பாசி மூடிக் கிடந்தது. யாருடையது என்று யூலியாவுக்கும் தெரியாது. வியாழக்கிழமை கல்தச்சர் கல் தூக்கும் முக்காலியும் சங்கிலியும் கொண்டுவந்து நிமிர்த்துவதாக ஏற்பாடு. அன்றிலிருந்து முருகேசுவுக்கு அந்தக் கல்லின் நினைப்புத்தான்.

"லக்சிகா, இது ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"வியாழன் தெரியும், மாமா. பொறுங்கோவன்."

புதன்கிழமை பருப்பும் கத்தரிக்காயும் வடையும் செய்தார். எங்கள் ஆட்கள் செத்தவீட்டின் எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். இந்தக் கல்லுக்கு அதைச் செய்ய ஆள் எங்கே? ஹம் தமிழ்க் கடையில் வாங்கிய வாழையிலையை விரித்து, சோறு கறியோடு கல்லின் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டார். நிமிர்ந்தால், பின்னால் யூலியா.

"யார் வைத்தது இதை?"

பிள்ளைகளின் தூரிகைகள் அப்படியே நின்றன. லக்சிகா ஓடிவந்தாள். "மாமா, போன வருசம் வேற ஒரு குழு உள்ளுக்க இருந்து சாப்பிட்டு, அண்டைக்கே திருப்பி அனுப்பினவை!"

முருகேசு திரும்பிக் கல்லைப் பார்த்தார். திருப்பி அனுப்பினால் நாளைக்குக் கல் நிமிராது.

"நான்தான். பிள்ளையளுக்கு ஒண்டும் தெரியாது" என்று ஜெர்மனில் சொன்னார். "இவைக்குச் சோறு வைக்க ஒருத்தரும் இல்லை எண்டுதான்..."

யூலியா இலையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "எங்கள் வழக்கம் வேறு. இறந்தவரால் சாப்பிட முடியாது. அவர் முன்னால் சாப்பாட்டை வைப்பது அவரைக் கேலி செய்வது போல."

"ஐயோ, கேலியோ!" முருகேசு தொப்பியோடு தலையைப் பிடித்துக்கொண்டார். குனிந்து, ஒரு பருக்கை சிந்தாமல் இலையைத் தூக்கினார். கல்லைப் பார்த்து, "குறை நினைக்காதேங்கோ" என்றார், தமிழில்.

"என்ன சொன்னீர்கள்?"

"மன்னிப்புக் கேட்டனான். உங்களிட்டை இல்லை, அவையிட்டை."

யூலியா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அதில் இறைச்சி இருக்கிறதா?"

"சீச்சீ, சுத்த சைவம்."

"அப்படியென்றால் வாசலுக்கு வெளியே கொண்டுவாருங்கள்."

வெளியே, வான் படியில் உட்கார்ந்து யூலியா வடையைக் கடித்தார். மிளகாய் ஏறி இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தார். திரும்பும்போது சொன்னார்: "நாளைக்கு நேரத்தோடு வாருங்கள். கல்தச்சர் காத்திருக்கமாட்டார்."

வியாழக்கிழமை சங்கிலி இறுகியது, கல் மெல்ல எழுந்தது. பிள்ளைகள் தண்ணீர் ஊற்றி மண்ணைத் துடைக்க, வலப்பாதியில் எழுத்துத் தெரிந்தது. யூலியா வாசித்தார்: "பெர்த்தா. பிறப்பு 1868, இறப்பு 1931."

"பொம்பிளை!" என்றார் முருகேசு. பிறகு இடப்பாதியைப் பார்த்தார். வழவழவென்று, ஓர் எழுத்தும் இல்லாமல் இருந்தது. "இது?"

"கணவருக்காக விட்ட இடமாக இருக்கும்" என்றார் யூலியா. "எழுத ஆள் இருக்கவில்லை."

அந்த வீடுகளைப் பற்றி வகுப்பில் கையுயர்த்திக் கேட்ட கேள்வி முருகேசுவுக்கு ஞாபகம் வந்தது. இங்கே பூவுக்குப் பதில் சிறு கல் வைப்பார்கள் என்று திங்கட்கிழமையே கவனித்திருந்தார். நிலத்தில் தேடி ஒன்றை எடுத்துப் பெர்த்தாவின் பக்கம் வைத்தார். இன்னொன்றை எடுத்து, எழுதாத பாதிக்கு மேல் வைத்தார்.

யூலியா பார்த்துக்கொண்டே நின்றார்.

"மாமா, பிள்ளையளுக்குப் பசிக்குதாம்" என்று வாசலில் இருந்து லக்சிகா கூப்பிட்டாள்.

"வெளியில நில்லுங்கோ எல்லாரும்!" என்று கத்திக்கொண்டு அடுப்பைப் பார்க்க ஓடினார் முருகேசு.