தனக்குத் தானே எழுதிய சிபாரிசு

என் சின்ன மருமகளுக்கு உட்காரத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். சாப்பிடும்போதே பாதி எழுந்து நிற்பாள். பேசிக்கொண்டே மேசையைத் துடைப்பாள், துடைத்த மேசையை மறுபடியும் துடைப்பாள். பத்தொன்பது வருஷம் ஒன்றாம் வகுப்பை மேய்த்தவள் வேறு எப்படி இருப்பாள் என்பான் என் மகன். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாளெல்லாம் மேலும் கீழும் போய்வந்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் மரக்கட்டை மாதிரி கிடப்பான்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சின்ன டீச்சர் என்று பெயர். ஆள் குள்ளம். நாற்பத்திரண்டு வயதாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. தலைமையாசிரியை பெரிய டீச்சர். அந்த அம்மாளும் ஒன்றும் உயரமில்லை. ஆனால் அதை யார் போய் அவரிடம் சொல்வது?

சின்ன டீச்சருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒரு பிள்ளை பாடத்தைக் கடகடவென்று வாசித்துக்கொண்டிருக்கும்போது, சத்தமில்லாமல் போய்ப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைப்பாள். சில பிள்ளைகள் திகைத்து நின்றுவிடும். பல பிள்ளைகள் அதே ராகத்தில் சொல்லிக்கொண்டே போகும். அதுகள் வாசிக்கவில்லை, ஒப்பிக்கின்றன. எந்தப் பிள்ளை எந்த நாளில் ஒப்பிப்பதை விட்டு வாசிக்க ஆரம்பித்தது, அன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதி வைப்பாள். இதுவரை பதினேழு நோட்டு. அலமாரியில் என் துணிக்கு இடமில்லை.

போன வருஷம் வெளிநாட்டுப் பேராசிரியை ஒருத்தி இதே விஷயத்தைப் பற்றி எழுதியதை இவள் எங்கேயோ படித்திருக்கிறாள். அந்த அம்மாளுக்கு நோட்டுகளைப் பற்றி ஒரு கடிதம் போட்டாள். பதில் வந்தது. கல்வியில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பம் போடு, நான்கு வருஷம் இங்கே வந்து படி என்று. எனக்கு எழுத்து தெரியாது. என் பேத்திதான் அதைப் படித்துச் சொன்னாள், இப்போது இதை எழுதுகிறவளும் அவள்தான்.

"நாற்பத்திரண்டு வயசுல பையைத் தூக்கிட்டுப் போகப்போறியா?" என்று கேட்டேன்.

"ஆமா அத்தை. சாப்பாட்டு டப்பாவும் கட்டிக் குடுங்க."

"நாலு வருஷம் இந்த வீட்டை யார் பாப்பா?"

"நீங்கதான் பாப்பீங்க. இப்பவும் நீங்கதானே பாக்குறீங்க? நான் மேசை மட்டும்தானே துடைக்கிறேன்."

என் எண்ணம் அன்றைக்கும் பிடிவாதமாக ஒன்றுதான்: போக வேண்டாம். அதை மறைத்து வைக்கிற பழக்கம் எனக்கில்லை.

விண்ணப்பம் என்றால் ஒரு தாள் என்று நினைத்திருந்தேன். அது தாளே இல்லை. கம்ப்யூட்டரில் ஒன்றை முடித்தால் இன்னொன்று திறக்கும். கல்லூரியில் வாங்கிய மார்க்கை அந்தக் கல்லூரியே உறையில் ஒட்டி அனுப்ப வேண்டும். எதற்காகப் படிக்க ஆசைப்படுகிறாய் என்று கட்டுரை எழுத வேண்டும். அதைப் பதினோரு தடவை எழுதினாள், பதினோரு தடவையும் என் மகனை உட்காரவைத்துப் படித்துக் காட்டினாள். ஆறாவது தடவை அவன் தூங்கிவிட்டான். அப்புறம் ஆங்கிலப் பரீட்சை. படத்தைப் பார்த்து நாற்பத்தைந்து விநாடி பேச வேண்டுமாம். அதற்காக ஒரு மாதம் சமையலறையில் எதைப் பார்த்தாலும் ஆங்கிலத்தில் வர்ணித்தாள். குக்கரை வர்ணித்தாள், ஜன்னலை வர்ணித்தாள். ஒரு நாள் என்னைப் பார்த்துக்கொண்டே ஏதோ வேகமாகச் சொன்னாள்.

"என்னடி சொல்றா உங்கம்மா?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"ஒரு வயசான பெண்மணி கோபமா உக்காந்திருக்காங்களாம், பாட்டி."

பரீட்சையில் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது சிபாரிசுக் கடிதங்கள். மூன்று பேர் எழுத வேண்டும். இரண்டு பேர், இவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள், எழுதி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது பெரிய டீச்சர். தப்பு நடந்தது அங்கேதான்.

அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாருக்குக் கடிதம் வேண்டுமோ அவர்களே எழுதிக்கொண்டு போக வேண்டும். லீவுக் கடிதமோ, நன்னடத்தைச் சான்றோ, மேலதிகாரிக்கு விளக்கமோ, எதுவானாலும் அப்படித்தான். பெரிய டீச்சர் படிக்கமாட்டார், கடைசி வரிக்குக் கீழே கையெழுத்து போடுவார். பெரிய டீச்சருக்கு வருகிற ஈமெயிலை இவளே திறப்பாள், பதிலையும் இவளே போடுவாள். ரகசியச் சொல்லும் இவளிடம்தான் இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து பெரிய டீச்சர் பெயருக்குச் சிபாரிசு கேட்டு ஈமெயில் வந்தபோது, இவள் வழக்கம் போலத் திறந்தாள். "மேடம், சிபாரிசு ஒண்ணு அனுப்பணும்" என்றாள். "போட்டுடு" என்றார் அவர். இவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தன்னைப் பற்றித் தானே எழுதி அனுப்பிவிட்டாள். இந்தக் கடிதத்தை நான் பார்க்கமாட்டேன் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் ஒப்புதல் கொடுத்திருந்தவளும் இவளேதான்! நிஜமாகவே அது உறைக்கவில்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம்.

மூன்று வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் விண்ணப்பமும், உங்கள் தலைமையாசிரியையின் சிபாரிசும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து வந்திருக்கின்றன. ஐந்து நாளுக்குள் விளக்கமும், அவரே எழுதிய சிபாரிசும் தேவை, இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி.

அன்றைக்கு அவள் நடந்த நடையைச் சொல்ல முடியாது. கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து கூடம். செருப்பை மாட்டினாள், கழற்றினாள், மறுபடியும் மாட்டினாள்.

"பள்ளிக்கூடத்துல ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான், ரெண்டு பேரும் அதுலதான் வேலை செய்றோம்னு எழுதிடு. முடிஞ்சு போச்சு" என்றான் என் மகன்.

"அது பொய்ங்க."

"பாதி பொய்தான். அங்க இருக்கிறதும் ஒரே கம்ப்யூட்டர்தானே?"

நானும் அவன் பக்கம்தான் பேசினேன். போக வேண்டாம் என்று நினைக்கிறவள் எதற்கு அப்படிச் சொன்னேன் என்றால், அந்த நடையைப் பார்க்கச் சகிக்கவில்லை. "எழுதித் தொலையேன்மா, யாரு வந்து பாக்கப்போறா?" என்றேன்.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "அத்தை, வாசிக்காத பிள்ளை வாசிக்குதுன்னு ரெஜிஸ்டர்ல எழுதமாட்டேன்னு அங்க சண்டை போடுறேன். இங்க உக்காந்து இதை எப்படி எழுதுவேன்?"

அவள் பதினேழாவது நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நடந்ததை நடந்தபடி எழுதினாள்: எங்கள் பள்ளியில் இதுதான் வழக்கம், தப்பு என்று தெரியாமல் செய்தேன், இப்போது தெரிகிறது. அதை அப்படியே அனுப்பினாள். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். அங்கே நடந்ததை வந்து சொன்னாள்.

பெரிய டீச்சர் முதலில் குதித்திருக்கிறார். "என் பேர்ல நீ லெட்டர் எழுதினியா?"

"மேடம், பத்தொன்பது வருஷமா நான்தானே எழுதுறேன்?"

"அது பள்ளிக்கூட வேலை. இது வேற."

"உங்ககிட்ட கேட்டேனே. போட்டுடுன்னு சொன்னீங்க."

"நான் எல்லாத்துக்கும்தான் போட்டுடுன்னு சொல்வேன்!"

அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அனுப்பிய கடிதத்தைக் காட்டச் சொல்லிப் படித்திருக்கிறார். இவள் எழுதிய ஒரு கடிதத்தை அந்த அம்மாள் முழுதாகப் படித்தது அதுதான் முதல் தடவை. படிக்கப் படிக்க முகம் கோணிக்கொண்டே போனதாம்.

"நேரம் தவறாதவர். கடமையில் குறை வைக்காதவர். அமைதியானவர்." நிமிர்ந்து பார்த்திருக்கிறார். "யாருடி இது? நீயா? இதைப் படிச்சா நானே உன்னை வேலைக்கு வச்சிருக்கமாட்டேன்."

"என்னைப் பத்தி நானே எப்படி மேடம் பெருசா எழுதுறது? வெக்கமா இருந்துச்சு."

"வெக்கப்படுறவ சிபாரிசு எழுதக் கூடாது. தள்ளு. நானே எழுதுறேன்."

இவள் உதவிக்குப் போக, கையைத் தட்டிவிட்டிருக்கிறார். ரகசியச் சொல்லை மாற்றிவிட்டு, புதுச் சொல்லை இவளுக்குச் சொல்லவில்லை. தலைமையாசிரியையின் அறைக் கதவு அன்றைக்குத்தான் உள்ளிருந்து சாத்தப்பட்டது என்று பள்ளிக்கூடமே பேசியதாம்.

கெடுவுக்கு ஐந்து நாள் பாக்கி. முதல் நாள் எழுதவில்லை. இரண்டாம் நாள் எழுதிக் கிழித்தார். மூன்றாம் நாள் இவள் வகுப்பை விட்டு மூன்று தடவை தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தக் கதவைத் தாண்டிப் போய் வந்தாள். "என்ன, தாகமா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்திருக்கிறது. நான்காம் நாள் தமிழில் எழுதி முடித்து, மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கி, இரண்டையும் தானே அனுப்பிவிட்டார்.

"என்ன மேடம் எழுதினீங்க?"

"அது எனக்கும் அவங்களுக்கும் நடுவுல. நீதான் பாக்கமாட்டேன்னு ஒத்துக்கிட்டியாமே?"

அப்புறம் ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் எங்கள் வீட்டு மேசையின் மினுமினுப்பு தேய்ந்து மரம் தெரிந்தது. ஒரு நாள் காலையில் கேள்வி கேட்கக் கூப்பிட்டார்கள், கம்ப்யூட்டர் வழியாக. கதவுக்கு இந்தப் பக்கம் நானும் பேத்தியும். பேத்தி காதை வைத்துக் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னாள். நோட்டுகளைப் பற்றிக் கேட்டார்கள், நன்றாகச் சொன்னாள். அப்புறம் ஓர் ஆண் குரல். சிபாரிசிலிருந்து இரண்டு விஷயத்தைச் சொல்லிக் கேட்கலாமா என்றது.

பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டி, பெரிய டீச்சர் எழுதியிருக்காங்களாம்: 'இவளை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுத மனசு வரவில்லை.' அப்புறம், அம்மா மூணு தடவை ராஜினாமா எழுதிக் குடுத்தாங்களாம். மூணையும் பெரிய டீச்சர் கிழிச்சுப் போட்டாங்களாம். எதுக்கு ராஜினாமான்னு கேக்குறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று தடவை! ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறேன், ஒரு தடவையாவது சொன்னாளா?

உள்ளே அவள் மெதுவாகப் பேசினாள். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளைத் தெரியும் என்று எழுதி மேலே அனுப்பச் சொன்ன மூன்று வருஷம், மூன்று ராஜினாமா. கிழிந்ததும் ஏன் திரும்ப வகுப்புக்குப் போனீர்கள் என்று அந்தக் குரல் கேட்டது. "மணி அடிச்சிருச்சு, பிள்ளைங்க உள்ள உக்காந்திருந்தாங்க" என்றாளாம். அவ்வளவுதான் பதில். வெளியே வந்தாள். "கெடுத்துட்டேன் அத்தை, கெடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மேசைத் துணியைத் தேடினாள். நான் அதை ஒளித்து வைத்திருந்தேன்.

இடம் கிடைத்துவிட்டது. போன மாதம் கடிதம் வந்தது. அந்த விளக்கத்தையும் கோப்பில் சேர்த்திருக்கிறோம் என்று தனியாக ஒரு வரி. அது கண்டிப்பா, பாராட்டா என்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

பெரிய டீச்சரிடம் போய்ச் சொன்னாளாம். அவர் சிரிக்கவுமில்லை, வாழ்த்தவுமில்லை. "உன் வகுப்புல முப்பத்தெட்டு பிள்ளைங்க. யார்கிட்ட குடுக்கட்டும்?" என்றார்.

"நீங்களே எடுங்க மேடம்."

"நானா? நான் வகுப்பெடுத்து பன்னெண்டு வருஷம் ஆச்சு."

"ஒவ்வொரு பிள்ளையைப் பத்தியும் எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

"எழுது. இந்தத் தடவை படிக்கிறேன்."

இப்போது தினமும் சாயங்காலம் அதுதான் வேலை. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். எந்தப் பிள்ளை பெரிய எழுத்தைக் கண்டால் பயப்படும், எதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வாய் திறக்கும், எது இன்னும் ஒப்பிக்கிறது. இருபத்தோராம் பிள்ளை வரை வந்திருக்கிறாள். விசாவுக்கு வரும் செவ்வாய்க்கிழமை போக வேண்டும். அதற்கான தாள்களை இன்னும் அடுக்கவில்லை. பெட்டி பரண் மேல்தான் இருக்கிறது. இறக்கட்டுமா என்று மகன் இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

"இருங்க, இன்னும் பதினேழு பேர் இருக்காங்க" என்கிறாள்.

போக வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஆனால் இன்றைக்குக் காலையில் அவனைக் கூப்பிட்டுப் பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டேன். அவள் எழுதி முடிக்கட்டும். துணியை நான் அடுக்குகிறேன்.